வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு சம்ப் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் மீனும் பவளமும் வளர்க்க உப்புநீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் சம்ப் (மேல்தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை வாங்கி, சுத்தம் செய்து, பம்ப்பால் திரும்ப மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி) பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆளும் தொட்டி அளவும் மட்டும் மாறும். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறோம். கணக்கு வரும் இடங்களுக்கெல்லாம் ஒரே உதாரணம்: மேலே 12 மி.மீ. கண்ணாடியில் 120 × 60 × 60 செ.மீ. தொட்டி, ஸ்டாண்டுக்குள் 8 மி.மீ. கண்ணாடியில் 90 × 45 × 40 செ.மீ. சம்ப். கல், மணல் போக இரண்டிலும் சேர்த்து ஓடும் தண்ணீர் சுமார் 425 லிட்டர். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

1. சம்ப் இல்லாம உப்புத்தண்ணி டேங்க் வைக்கவே முடியாதா?

முடியும். 100 லிட்டருக்கு உட்பட்ட சின்னத் தொட்டியில் உயிர்க்கல் (பாக்டீரியா குடியேறிய நுண்துளைக் கல்), ஒரு ஹேங்-ஆன் ஃபில்டர், வாராவாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றம் என்று சமாளித்துவிடலாம். தொட்டி பெரிதாகும்போதுதான் சம்ப்பின் அருமை தெரியும். ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி), ஹீட்டர், மீடியா (வடிகட்டும் பொருட்கள்) எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விடும். மொத்தத் தண்ணீர் கூடுவதால் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறாது. மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் தானாக வழிந்து கீழே வரும்.

2. சம்ப் எவ்ளோ பெருசா இருக்கணும்? கால் பங்குன்னு ஒருத்தர் சொல்றார், பாதின்னு இன்னொருத்தர் சொல்றார்.

கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்பதெல்லாம் குத்துமதிப்பு. அளவைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: நீங்கள் வாங்கப்போகும் ஸ்கிம்மரின் அடிப்பரப்பு, கரண்ட் போனால் கீழே இறங்கும் தண்ணீர். இரண்டாவதற்கான கணக்கு அடுத்த பதிலில் இருக்கிறது. இவை அடங்கிய பிறகும் ஸ்டாண்டில் இடம் இருந்தால் சம்ப்பைப் பெரிதாக்குங்கள், நஷ்டமில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் ஸ்டாண்டின் கதவு வாசலை டேப் வைத்து அளந்துவிடுங்கள். உள்ளே 100 செ.மீ. இருக்கும், நடுவில் ஒரு குறுக்குக் கால் வந்து வாசலை 55 ஆக்கியிருக்கும். அப்படியென்றால் மேல்தொட்டியை ஏற்றுவதற்கு முன்பே சம்ப்பை உள்ளே வைத்துவிட வேண்டும், பிறகு வெளியே எடுக்கவே முடியாது. உயரத்தில் சம்ப்பின் விளிம்புக்கு மேல் 20 செ.மீ. காலியாக விடுங்கள். ஸ்கிம்மர் கப்பைக் கழற்றித் தூக்க அந்த இடம் வேண்டும்.

3. கரண்ட் போனா மேல இருக்கற தண்ணி எல்லாம் கீழ இறங்கி ஹால் முழுக்க வழிஞ்சிடாதா?

ரிட்டர்ன் குழாயின் (பம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் குழாய்) வாயைத் தவறான ஆழத்தில் வைத்தால் வழியும். பம்ப் நின்றதும் மூன்று இடங்களிலிருந்து தண்ணீர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பல்வரிசைக்கு (மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள் விழும் விளிம்பு) மேல் நிற்கும் தண்ணீர் முதலாவது. இரண்டாவது, ரிட்டர்ன் குழாய் வழியாகப் பின்னோக்கி வரும் சைஃபன். குழாய் வாய்க்குக் காற்று எட்டும்வரை அது நிற்காது. மூன்றாவது, ஓவர்ஃப்ளோ பாக்ஸிலும் குழாய்களிலும் உள்ள தண்ணீர்.

நம் தொட்டியின் உள்பரப்பில் 1 செ.மீ. உயரம் என்பது சுமார் 6.8 லிட்டர். ஓடும்போது பல்லின் அடிக்கு மேல் 1 செ.மீ. தண்ணீர் நிற்கிறது, ரிட்டர்ன் வாய் பல்லின் அடியிலிருந்து 2 செ.மீ. கீழே இருக்கிறது என்றால் 3 செ.மீ., அதாவது 20 லிட்டர் இறங்கும். பாக்ஸ், குழாய் சேர்த்து இன்னொரு 7 லிட்டர். இந்த 27 லிட்டர் வந்தால் நம் சம்ப்பில் மட்டம் 23 செ.மீ.யிலிருந்து 29க்குப் போகும். உள்ளுயரம் 39, ஆகவே 10 செ.மீ. மிச்சம்.

அதே ரிட்டர்ன் வாயைப் பல்லுக்கு 10 செ.மீ. கீழே இறக்கிப் பாருங்கள். இறங்குவது 11 செ.மீ., 75 லிட்டர். பாக்ஸ் தண்ணீரையும் சேர்த்தால் 82. சம்ப்பால் தாங்க முடியாது, ஏறத்தாழ 15 லிட்டர் உப்புத்தண்ணீர் தரையில் நிற்கும். தொட்டி அதே, சம்ப்பும் அதே, குழாய் வாய் 8 செ.மீ. தாழ்ந்தது மட்டும்தான் வித்தியாசம். அதனால் சம்ப்பை ஓடும் நிலைக்குக் கட்டாதீர்கள், நின்றுபோகும் நிலைக்குக் கட்டுங்கள்.

4. ரிட்டர்ன் லைன்ல ஒரு என்ஆர்வி போட்டா இந்தக் கணக்கே வேண்டாமே?

போர் மோட்டார் லைனில் நம்பகமாக வேலை செய்யும் என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) உப்புத்தண்ணீரில் அப்படிச் செய்யாது. உள்ளே சுண்ணாம்புப் பாசி படியும், குட்டி நத்தை ஒன்று மடலுக்கடியில் உட்காரும், மடல் முழுதாக மூடாது. மெல்லிய இழையாகக் கசிந்தாலும் எட்டு மணி நேரக் கரண்ட் கட்டில் சைஃபன் தன் வேலையை முடித்துவிடும். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. துளை போட்டு சைஃபனை முறிப்பதும் இதே கதைதான், பாசி அடைத்துவிடும்.

இரண்டையும் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை இல்லையென்றாலும் வழியாத மாதிரி குழாய் வாயை வையுங்கள்.

5. தலைகீழா, தண்ணி கீழ இறங்கற டிரெய்ன் அடைச்சுகிட்டா? பம்ப் எல்லாத்தையும் மேல ஏத்திடுமே.

ஏற்றும். ஆனால் ரிட்டர்ன் அறையில் (சம்ப்பில் பம்ப் நிற்கும் கடைசி அறை) இருப்பதை மட்டும்தான் ஏற்ற முடியும், மற்ற அறைகளைத் தடுப்புகள் பிடித்துக்கொள்ளும். நம் சம்ப்பில் அந்த அறை 22 × 43.4 செ.மீ., நீர் 18 செ.மீ. பம்ப் 5 செ.மீ. மட்டத்தில் காற்றை இழுக்கத் தொடங்கும் என்றால் மேலே போவது 12.4 லிட்டர், மேல்தொட்டியில் 1.8 செ.மீ. உயர்வு. நீர்மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. விளிம்பு விட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. ரிட்டர்ன் அறையைப் பெரிதாக வைக்கச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. மட்டம் இறங்குவதைப் பார்த்து ஏடிஓ (ஆவியான அளவுக்கு நன்னீரைத் தானாகச் சேர்க்கும் கருவி) நன்னீரை விட்டுக்கொண்டே இருக்கும், பம்ப் அதையும் மேலே தள்ளும். 16-ஆம் பதிலில் நேர வரம்பு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

6. டர்ஸோ, ஹெர்பி, பீன் அனிமல்னு சொல்றாங்களே, எதைப் போடறது?

மூன்றும் மேல்தொட்டித் தண்ணீரை சம்ப்புக்கு இறக்கும் டிரெய்ன் முறைகள். டர்ஸோ ஒற்றைக் குழாய். உச்சியில் காற்றுத்துளை இருக்கும், தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும். 1 அங்குலக் குழாயில் மணிக்கு 1000 முதல் 1500 லிட்டர்வரை பெரிய சத்தமில்லாமல் ஓடும், அதற்கு மேல் களகளவென்று இரைச்சல்தான். அடைத்தால் மாற்றுவழியும் கிடையாது.

ஹெர்பி இரண்டு குழாய். ஒன்று முழுக்கத் தண்ணீர் நிரம்பி சைஃபனாக ஓடும். கீழே ஒரு கேட் வால்வை வைத்து அதன் வேகத்தை பம்ப்பின் வேகத்துக்குச் சமன் செய்ய வேண்டும். இன்னொன்று உயரமாக நிற்கும் அவசரக் குழாய். பீன் அனிமல் இதில் மூன்றாவதாக ஒரு குழாயைச் சேர்க்கிறது: சைஃபன் ஒன்று, மிச்சத்தை வாங்கும் திறந்த குழாய் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. பம்ப்பின் ஓட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது தானாகச் சரிசெய்துகொள்ளும்.

புதிதாகத் தொட்டி செய்பவர்களுக்கு எங்கள் ஓட்டு பீன் அனிமலுக்கு. மூன்று துளைக்கு இடமில்லாவிட்டால் ஹெர்பி. எதுவானாலும் சைஃபன் குழாயின் முனை சம்ப் நீரில் 2, 3 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் தொடங்கவே மறுக்கும். அவசரக் குழாயின் முனையை நீருக்கு மேலே விடுங்கள். அது சலசலக்க ஆரம்பித்தால் முதல் குழாயில் ஏதோ அடைப்பு என்று காதே சொல்லிவிடும்.

7. டேங்க்ல ஓட்டை போட்டா கண்ணாடி உடைஞ்சிடுமா?

டஃபண்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடி என்றால் அந்த நொடியே சில்லு சில்லாகிவிடும், அதில் துளையே போடக்கூடாது. சாதாரண ஃப்ளோட் கண்ணாடி என்றால் போடலாம். சந்தேகமாக இருந்தால் லேப்டாப்பில் வெள்ளைத் திரை போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, போலராய்ஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். டஃபண்டில் கருமையான பட்டைகளோ புள்ளிகளோ தெரியும். அடிக் கண்ணாடியை மட்டும் டஃபண்டில் போடுகிறவர்களும் உண்டு, ஆகவே ஒவ்வொரு முகத்தையும் தனியாகப் பாருங்கள்.

டயமண்ட் கோர் பிட், குறைந்த வேகம், துளையைச் சுற்றி களிமண் வரப்பு கட்டி அதற்குள் நிற்கும் தண்ணீர், பின்பக்கம் அகலமான டேப். அழுத்தவே வேண்டாம், டிரில்லின் எடை போதும். முடியும் தறுவாயில் இன்னும் மெதுவாக. துளையின் விளிம்புக்கும் கண்ணாடி விளிம்புக்கும் குறைந்தது ஒரு துளை அகல இடைவெளி விடுங்கள். டேங்க் நிப்பிளைக் கையில் வாங்கிய பிறகே பிட் அளவைத் தேர்ந்தெடுங்கள். 1 அங்குலம் என்பது குழாயின் அளவு, துளை அதைவிட நிறையப் பெரியது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பக்கம் வர வேண்டும். கையால் இறுக்கி அதன்மேல் கால் சுற்று, சிலிக்கான் வேண்டாம்.

சென்னைக்காரர்கள் கொளத்தூரில் தொட்டி செய்யச் சொல்லும்போதே துளையையும் சேர்த்துக் கேட்டுவிடுவது மேல். ஒட்டுவதற்கு முன் படுக்கவைத்துத் துளைப்பது அவர்களுக்கும் சுலபம்.

8. ஓட்டை போடாம, தொங்கவிடற சைஃபன் பாக்ஸ் வெச்சுக்கலாமா?

வாடகை வீடு, ஏற்கெனவே நிரம்பிய தொட்டி என்றால் வேறு வழியில்லாமல் வைக்கிறார்கள். வளைகுழாயின் உச்சியில் காற்றுக் குமிழ் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் சைஃபன் அறுந்துவிடும். அதன்பின் நடப்பது 5-ஆம் பதிலில் சொன்னதுதான். வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த 5-ஆம் பதிலின் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வையுங்கள்.

9. உள்ள தடுப்பு எல்லாம் எத்தனை, என்ன உயரம்? அளவோட சொல்லுங்க.

உதாரண சம்ப்பின் உள்நீளம் 88.4 செ.மீ. இடமிருந்து: டிரெய்ன் இறங்கும் இடமும் ஸ்கிம்மரும் சேர்ந்த அறை 38 செ.மீ.; 23 செ.மீ. உயரத் தடுப்பு, பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் 20 செ.மீ.; 22 செ.மீ. உயரத் தடுப்பு. அதன்பின் குமிழிப் பொறி. 3 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 3 செ.மீ. தூக்கி 30 செ.மீ. உயரம்வரை நிற்கும் பலகை. இன்னொரு 3 செ.மீ. தள்ளி, தரையில் ஒட்டிய 21 செ.மீ. தடுப்பு. கடைசியில் ரிட்டர்ன் அறை 22 செ.மீ. தண்ணீர் முதலில் மேலே வழிந்து, பிறகு அடியில் புகுந்து, மறுபடி மேலே வழிய வேண்டும். குமிழிகள் மேலேயே தங்கிவிடும்.

தடுப்புகளுக்கு 6 மி.மீ. கண்ணாடி போதும். அகலத்தை உள்ளகலத்தைவிட 4 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள், பக்கத்துக்கு 2 மி.மீ. சிலிக்கானுக்கு. விளிம்புகளை பாலீஷ் போடச் சொல்ல மறக்காதீர்கள், வருடக்கணக்கில் கைவிட்டுத் துழாவப்போகிற இடம் அது.

முதல் தடுப்பின் உயரம் ஸ்கிம்மரைப் பொறுத்தது. சில ஸ்கிம்மருக்கு 18 செ.மீ. தண்ணீர் வேண்டும், சிலதுக்கு 25. ஸ்கிம்மர் கைக்கு வராமல் அந்தத் தடுப்பை ஒட்டாதீர்கள்.

10. எந்த சிலிக்கான்? எத்தனை நாள் காயவிடணும்?

100 சதவீத சிலிக்கான், அக்வேரியத்துக்கு என்று குறிப்பிட்டது. பூஞ்சை பிடிக்காது என்று பெருமையாக எழுதியிருக்கும் பாத்ரூம் சிலிக்கானைத் தொடாதீர்கள், அந்தப் பூஞ்சைக்கொல்லி தண்ணீரில் இறங்கும். காயும்போது வினிகர் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், அந்த வகை அப்படித்தான். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, வைத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலால் ஒரே இழுப்பாக வழித்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள்.

தடுப்புகளுக்கு 48 மணி நேரம், வெளிச்சுவர்களுக்கு ஒரு வாரம். பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது. வெளிச்சுவரில் கசிந்தால் மேலே பூசி மெழுகுவது வீண் வேலை. அந்த மூட்டைப் பிளேடால் முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும். உள்தடுப்பில் கொஞ்சம் கசிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

11. கண்ணாடி எதுக்கு, ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்ல பண்ணிடலாமே?

பண்ணலாம், தடுப்புதான் நிற்காது. பாலிஎத்திலீன் டப்பில் சிலிக்கான் ஒட்டாது, பக்கங்களும் தண்ணீர் நிறைந்ததும் வெளியே உப்பும். ஒரே டப், உள்ளே ஸ்கிம்மர், மறுமூலையில் பம்ப், நடுவில் ஸ்பாஞ்ச் என்று எளிமையாக ஓட்டலாம். அக்ரிலிக் தடுப்பைக் கண்ணாடி சம்ப்பில் சிலிக்கானால் ஒட்டுவதும் இதே ரகம்தான், பிடிப்பு பலவீனம்.

12. ரிட்டர்ன் பம்ப் எத்தனை லிட்டர் வாங்கணும்?

மேல்தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 3 முதல் 5 மடங்கு போதும். நம் தொட்டிக்கு 1500 லிட்டர். பவளங்களுக்குத் தேவையான வேகமான நீரோட்டத்தை மேலே இருக்கும் வேவ்மேக்கர் தரட்டும். அதை சம்ப் வழியாகக் கொண்டுவரப் பார்த்தால் சத்தமும் குமிழியும் கரண்ட் பில்லும்தான் கிடைக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண், உயரமே இல்லாமல் ஓடும்போது வருவது. 3000 லிட்டர், அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று எழுதிய பம்ப், சம்ப்பிலிருந்து 1.5 மீட்டர் மேலே தள்ளும்போது பாதிக்குக் கிட்டத்தான் தரும். எல்போ கூடக்கூட இன்னும் குறையும். உண்மையான அளவு வேண்டுமா, ரிட்டர்ன் முனையில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். 24 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 1500. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் பம்ப் வெளியேற்றும் பக்கம் வால்வு வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை நெரிக்கக்கூடாது.

13. பைப், வால்வு எல்லாம் ஹார்ட்வேர் கடையிலயே வாங்கலாமா?

குழாய், எல்போ, யூனியன், சால்வென்ட் எல்லாம் வாங்கலாம், யூபிவிசி நல்லது. ஆனால் கேட் வால்வு கேட்டால் கடைக்காரர் பழக்கத்தில் எடுத்து நீட்டுவது பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். சிபிவிசியில் திருகுகுழாய் மாட்டுவதற்கென்று வரும் எல்போக்களின் உள்ளேயும் பித்தளை மரை ஒளிந்திருக்கும், திருப்பிப் பார்த்து வாங்குங்கள். முழுக்கப் பிளாஸ்டிக் கேட் வால்வு சாதாரணக் கடையில் கிடைப்பது அபூர்வம். தொழிற்சாலைக் குழாய்ச் சாமான் விற்கும் கடைகளில் தேடுங்கள். பால் வால்வு எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஹெர்பியை அதை வைத்து நுணுக்கமாகச் சமன் செய்வது பொறுமையைச் சோதிக்கும்.

பம்ப்பின் இருபுறமும், டிரெய்ன் வால்வுக்கு மேலும் கீழும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போடுங்கள். போடாதவர்கள் முதல் சுத்தம் செய்யும் நாளில் ரம்பத்தை எடுக்கிறார்கள். இரும்பு கிளாம்ப் துருப்பிடிக்கும், நைலான் போதும்.

14. சாக், பயோ பால், பாசி… உள்ள என்னதான் போடறது?

டிரெய்ன் வாயில் 200 மைக்ரான் சாக் (கழிவைப் பிடிக்கும் துணிப்பை). மூன்று நான்கு நாளுக்கொரு முறை மாற்ற முடியும் என்றால் மட்டும். மாற்றாமல் விட்ட சாக்கில் அழுகும் கழிவு நைட்ரேட்டாகத் திரும்பிவரும். அதற்கு சாக்கே இல்லாமல் இருப்பது மேல். சோப்பு, டிடர்ஜென்ட் கூடாது. வேகமான தண்ணீரில் உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

பயோ பாலிலும் (பாக்டீரியா வளர வைக்கும் பிளாஸ்டிக் உருண்டை) குறை இதுதான்: இடுக்குகளில் கழிவு தங்கும். தொட்டியில் போதுமான நுண்துளைக் கல் இருந்தால் தேவையில்லை. ரெஃப்யூஜியத்தில் கீட்டோ பாசி ஒரு கைப்பிடி போதும், உருண்டு வளரும். மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு அதற்கு 10 முதல் 12 மணி நேரம் விளக்குப் போட்டால் இரவில் பிஹெச் விழுவதும் குறையும். வாராவாரம் பாதியைப் பிய்த்து வெளியே எறியுங்கள். எறிந்தால்தான் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரைவிட்டுப் போகும். காலர்ப்பா வகைப் பாசி வேண்டாம், அது ஒரே இரவில் கரைந்து தண்ணீரைப் பாலாக்கிவிடக்கூடும்.

15. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கரையில கிடக்கற பவளக்கல்லை எடுத்து சம்ப்ல போடலாமா?

கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. உயிரோடிருந்தாலும் செத்துக் கரையில் ஒதுங்கிய துண்டானாலும் எடுப்பது, விற்பது, வாங்குவது குற்றம். செயற்கைக் கல்லும் பீங்கான் மீடியாவும் சம்ப்புக்குத் தாராளமாகப் போதும், பாக்டீரியா எந்தப் பரப்பிலும் வளரும்.

16. தண்ணி ஆவியாகி குறையுது. உப்புத்தண்ணி ஊத்தணுமா, நல்ல தண்ணியா? ஏடிஓ அவசியமா?

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே ஊற்ற வேண்டியது நன்னீர், அதுவும் ஆர்ஓ-வுக்குப் பின் டிஐ (மிச்ச உப்புகளை நீக்கும் வடிகட்டி) வழியாக வந்து டிடிஎஸ் 0 காட்டுவது. சமையலறை ஆர்ஓ-வில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருக்கும், அந்தத் தண்ணீர் உதவாது.

குறைவது முழுக்க ரிட்டர்ன் அறையில்தான் தெரியும். நாளுக்கு 4 லிட்டர் போனால் அந்த அறையில் 4 செ.மீ. இறங்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும், ஆகவே ஏடிஓ அவசியம்தான். சென்சார் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பதை வைத்து ஏடிஓ நன்னீர் கேனின் அளவைத் தீர்மானியுங்கள். 20 லிட்டர் கேன் முழுதாக இறங்கினாலும் உப்பு ஆயிரத்துக்கு 35-இலிருந்து 33.4-க்குத்தான் போகும், பிழைத்துக்கொள்ளும். 100 லிட்டர் டிரம் என்றால் 28, பவளங்கள் போய்விடும். பம்ப் தொடர்ந்து சில நிமிடங்களுக்கு மேல் ஓடினால் தானாக நிற்கும் வகையை வாங்குங்கள். குழாய் முனை சம்ப் நீருக்கு மேலேயே நிற்கட்டும், மூழ்கினால் அதுவும் ஒரு சைஃபன்.

17. டாய்லெட் ஃப்ளஷ் மாதிரி சத்தம் வருது, டேங்க் பூரா பொடிக் குமிழி வேற.

சத்தம் என்றால் சைஃபன் குழாயில் காற்று கலக்கிறது. கேட் வால்வை ஒரு கால் திருப்பு மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து, ஓவர்ஃப்ளோ பாக்ஸில் மட்டம் குழாய் வாய்க்கு மேலே நிலைக்கிறதா பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டே போனால் கொஞ்சம் திறங்கள்.

குமிழி புது ஸ்கிம்மரிலிருந்து வந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் அடங்கும். அதன்பிறகும் வந்தால் ரிட்டர்ன் அறையின் மட்டத்தைப் பாருங்கள். கடைசித் தடுப்பிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் விழுந்தால் அந்த அருவியே குமிழி செய்யும். அப்போதும் தீரவில்லையென்றால் பம்ப்பின் உறிஞ்சு பக்க மூட்டில் காற்று புகுகிறது.

18. கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் கப் பொங்கி அழுக்கெல்லாம் திரும்ப சம்ப்ல கொட்டிடுது. ஏன்?

3-ஆம் பதிலில் பார்த்த அந்த 29 செ.மீ. மட்டம்தான் காரணம். கரண்ட் வரும் நிமிடம் ஸ்கிம்மர் தன் வழக்கமான ஆழத்தைவிட 6 செ.மீ. அதிகமாக மூழ்கி நிற்கிறது, ஓடத் தொடங்கியதும் நுரை நேராகக் கப்பில் ஏறிவிடும். ஸ்கிம்மருக்கு மட்டும் பத்து நிமிடம் கழித்து ஆன் ஆகும் டிலே டைமர் வையுங்கள். ஏடிஓவுக்கும் அதே தாமதம் கொடுங்கள்: மேல்தொட்டி நிறையும்வரை ரிட்டர்ன் அறை தற்காலிகமாகத் தாழ்ந்திருக்கும், ஏடிஓ அதை நம்பி நன்னீரை விட்டுவிடும். கரண்ட் கட் அடிக்கடி உள்ள ஊரில் உப்பு அவ்வப்போது குறைவதற்குப் பலருக்குப் பிடிபடாத காரணம் இது.

19. ஷாக் அடிக்காம இருக்க என்ன பண்ணணும்?

தொட்டிக்கான லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), சரியான எர்த். இந்த இரண்டும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஸ்விட்ச் போர்டு சம்ப்புக்கு நேர் மேலே வேண்டாம். உப்பு ஈரம் ஏறி முனைகள் பச்சைபிடித்துவிடும். பக்கவாட்டில், முடிந்தால் ஸ்டாண்டுக்கு வெளியே. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும், வழிந்துவரும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

20. எட்டு மணி நேரம் கரண்ட் இல்லன்னா மீன் செத்துடுமா? வீட்டு இன்வர்ட்டர்ல எல்லாத்தையும் ஓட்டலாமா?

எல்லாம் வேண்டாம். முதலில் தீருவது ஆக்ஸிஜன், ஆகவே ஒரு வேவ்மேக்கர் அல்லது பேட்டரி ஏர் பம்ப் ஓடினால் மீன் தாக்குப்பிடிக்கும். ரிட்டர்ன், ஸ்கிம்மர், விளக்கு காத்திருக்கலாம். இன்வர்ட்டர் சைன் வேவாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் ஏசி பம்ப்கள் உறுமிச் சூடாகும். நீண்ட கட்டுக்குப் பின் ரிட்டர்னை ஆன் செய்யும் முன் சம்ப்பை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் சாக்கையும் மீடியாவையும் எடுத்து அலசி, அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டே ஓட்டுங்கள்.

21. மே மாசம் தண்ணி 31 டிகிரி போகுது. சம்ப்ல ஃபேன் வெச்சா போதுமா?

கோவை மாதிரி காற்று உலர்ந்த ஊரில் ஃபேன் 2, 3 டிகிரி குறைக்கும். சென்னையின் புழுக்கத்தில் ஆவியாதலே குறைவு, அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். எங்கானாலும் ஃபேன் ஓடினால் ஏடிஓ கேன் சீக்கிரம் காலியாகும். மீன் மட்டும் என்றால் சமாளிக்கலாம். பவளம் என்றால் சில்லர்தான். சில்லரை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், அது துப்பும் வெப்பத்தை அதுவே திரும்ப உறிஞ்சும். ஸ்டாண்டின் பின்பக்கத்தையும் திறந்தே விடுங்கள்.

22. ஏற்கனவே ஓடிட்டிருக்கற டேங்குக்கு இப்ப சம்ப் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சம்ப்பை முதலில் தனியாகச் சாதாரணத் தண்ணீரில் 24 மணி நேரம் விளிம்புவரை நிரப்பிக் கசிவு பாருங்கள். தொட்டியில் துளை இல்லையென்றால், மட்டத்தைப் பாதிக்கு இறக்கி மேல் பின்சுவரில் துளையிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடித்தூள் உள்ளே விழும், தண்ணீர் கனத்தில் அழுத்தத்தில் இருக்கும் கண்ணாடி அது. மீனை வேறிடம் மாற்றி, தொட்டியைக் காலிசெய்தே துளையிடுங்கள்.

சம்ப்புக்குத் தேவையான 80 லிட்டர் உப்புத்தண்ணீரை ஒருநாள் முன்பே கலந்து, தொட்டியின் உப்புக்கும் வெப்பத்துக்கும் சமமாக்கி ஊற்றுங்கள். ஓட ஆரம்பித்ததும் வேண்டுமென்றே பம்ப்பை அணைத்து, தண்ணீர் இறங்கி முடிந்த மட்டத்தை சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். மறுபடி ஆன் செய்து, ஓடும் மட்டத்தை ரிட்டர்ன் அறையில் இன்னொரு கோடாகக் குறித்துவிடுங்கள். அந்த இரண்டாம் கோட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் ஊற்றக்கூடாது, வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் அதைக் காட்டிவைப்பது நல்லது. பழைய ஃபில்டரை உடனே கழற்ற வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும், அமோனியா 0 என்று சோதனை காட்டிய பிறகு எடுங்கள்.